லாய்ட்மின்ஸ்டரில் காலூன்றிய ஆங்கிலேயர்கள்: நிலம் திருத்தியதும் வீடு கட்டியதும்

1903 மார்ச் 31 அன்று லிவர்பூல் துறைமுகத்திலிருந்து ‘லேக் மனிடோபா’ என்ற கப்பல் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரோடு கனடாவுக்குக் கிளம்பியது. ஐசக் பார் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் திரட்டிய கூட்டம் அது. கடைச் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள், தச்சர்கள், தென்னாப்பிரிக்கப் போயர் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் என்று பல தரப்பினரும் இருந்தார்கள். ஏர் பிடித்துப் பழகியவர்கள் குறைவு. ஏப்ரலில் சஸ்கட்டூனில் ரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்து பேட்டில்ஃபோர்டு வழியாகக் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் வண்டிப்பாதையில் மேற்கே போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் இன்றைய லாய்ட்மின்ஸ்டர்.

‘முழுக்க முழுக்க பிரிட்டிஷ் குடியிருப்பு’ என்பதுதான் இந்தத் திட்டத்துக்கு அப்போது செய்த விளம்பரம். என் கணிப்பில் அவர்கள் பட்ட பாட்டில் பாதிக்கு அதுவே காரணம். மற்ற குடியேறிகளுக்குப் பக்கத்து நிலத்தில் ஒரு ஒன்டாரியோக்காரரோ உக்ரைன்காரரோ இருப்பார். எப்போது உழுவது, எந்தத் தண்ணீர் மாட்டுக்கு ஆகாது என்று அவரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இங்கே அக்கம்பக்கம் எல்லாரும் ஒரே கப்பலில் வந்த புதியவர்கள். ஒருவர் செய்த தவறைப் பத்துப் பேர் பார்த்துச் செய்தார்கள். நிர்வாகக் குளறுபடியால் மே மாதமே ஐசக் பார் விலக நேர்ந்தது. உடன் வந்த ஜார்ஜ் எக்ஸ்டன் லாய்டு பாதிரியார் பொறுப்பேற்றார். ஊருக்கு வைத்ததும் அவர் பெயர்தான்.

கையில் பணம் வைத்திருந்தவர்களைவிட, முதல் வருடம் ரயில்பாதை வேலைக்கோ பழைய விவசாயியிடம் கூலிக்கோ போனவர்கள்தான் பெரும்பாலும் தாக்குப்பிடித்தார்கள். கூலியோடு தொழிலும் கைக்கு வந்தது. பணக்காரர் பியானோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேற்றில் சிக்கினார்.

அந்தச் சேறு சாதாரணமானதல்ல. ஏப்ரல் கடைசியில் மேல்மண் உருகிக் குழம்பாகிவிடும். அடியில் இன்னும் உறைந்த மண் இருப்பதால் தண்ணீர் கீழே இறங்காது. பள்ளத்தில் புல் பச்சையாகத் தெரிந்தால் அங்கே வண்டி அச்சுவரை புதையும் என்று அர்த்தம். அனுபவமுள்ள மெட்டி (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வம்சத்தவர்) வண்டிக்காரர்கள் பாரத்தைக் குறைவாக ஏற்றினார்கள். பள்ளம் வந்தால் இரண்டு ஜோடி மாட்டை ஒரே வண்டியில் பூட்டி ஒவ்வொரு வண்டியாகக் கடத்தினார்கள். புதியவர்களோ ஒரே வண்டியில் எல்லாவற்றையும் அடுக்கி, சிக்கிய பிறகு இறக்கி, மறுபடி ஏற்றி நாளைத் தொலைத்தார்கள்.

நிலம் கிடைத்த முறை எளிதுதான். கனடா அரசின் 1872ஆம் ஆண்டு டொமினியன் நிலச் சட்டப்படி அப்போது பத்து டாலர் கட்டணம் செலுத்தி 160 ஏக்கருக்குப் பதிவு செய்யலாம். மூன்று வருடம், வருடத்துக்கு ஆறு மாதம் அங்கேயே வசிக்க வேண்டும். வீடு கட்ட வேண்டும், குறிப்பிட்ட அளவு நிலத்தை உழுது பயிரிட வேண்டும். நிறைவேற்றினால் பட்டா. ஆறு மைல் சதுரமான ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்‌ஷன். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் கால்பங்குதான் ஒருவருக்கு. குடியேறிகளுக்கு இரட்டைப்படை எண்ணுள்ள செக்‌ஷன்கள்; அதிலும் 8ஆம் எண்ணும் 26இன் பெரும்பகுதியும் ஹட்சன் பே என்ற பழைய வணிகக் கம்பெனிக்குப் போய்விடும். ஒற்றைப்படையில் பெரும்பகுதி ரயில் கம்பெனிகளுக்கு மானியமாகப் போனது. 11, 29 பள்ளிக்கூட நிலம்.

மனை தேடுபவர் செக்‌ஷன் மூலையில் நட்ட இரும்புக் கம்பியையும் அதைச் சுற்றி வெட்டிய நான்கு குழிகளையும் கண்டுபிடித்தால்தான் தன் எல்லை தெரியும். புல் வளர்ந்த பிறகு அது கண்ணில் படாது. எல்லையைச் சரியாகப் பார்க்காமல் பக்கத்து நிலத்தில் வீட்டைக் கட்டி, பிறகு பெயர்த்துக்கொண்டு போனவர்கள் உண்டு. வரைபடத்தைப் பார்த்தே பதிவு செய்தவருக்கு முக்கால்வாசி சதுப்பு வாய்த்தது. நடந்து பார்த்தவர் மூன்றைக் கவனித்தார்: தண்ணீர், விறகு, மண்ணின் நிறம். வறண்ட பள்ளத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உவர். அந்தப் பக்கம் கிணறு தோண்டினாலும் மாட்டுக்குப் பேதிதான். பாப்லரும் வில்லோவும் புதராக இருக்கும் இடம் விறகுக்கும் வேலிக்கும் நல்லது, ஆனால் வேரைப் பிடுங்கி எடுப்பது தனி வேலை. பத்துப் பதினைந்து ஏக்கர் புதர் இருந்தால் போதும் என்று கணக்கிட்டவர் புத்திசாலி.

‘இலவச நிலம்’ என்று அரசு சொன்னதன் பின்னால் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். 1876இல் ஃபோர்ட் கார்ல்டனிலும் ஃபோர்ட் பிட்டிலும் கையெழுத்தான அரசுடனான ஆறாம் உடன்படிக்கைக்கு உட்பட்ட க்ரீ என்ற பூர்வகுடி மக்களின் நிலம் இது. எருமை மந்தைகள் அழிந்து, பசியில் வாடி, அரசுக்கு எதிரான 1885 கிளர்ச்சிக்குப் பிறகு அவர்கள் ஒதுக்கிடங்களுக்குள் அடைக்கப்பட்ட பின்தான் இந்தப் புல்வெளி ‘காலி’யானது.

உழவுக்கு எருதா குதிரையா என்பது முதல் வாரமே எழும் கேள்வி. ஆங்கிலேயருக்கு எருது கேவலமாகப் பட்டது, குதிரை கௌரவம். ஆனால் குதிரைக்கு ஓட்ஸ் வேண்டும். முதல் வருடம் ஓட்ஸ் ஏது? புல்லை மட்டும் தின்று கடின உழவு இழுத்த குதிரைகள் கோடையிலேயே விழுந்தன. எருது புல்லிலேயே வாழும், சேற்றில் பதறாது, விலையும் குறைவு. அதன் குறை வேகம். வெயிலும் ஈயும் அதிகமானால் கலப்பையோடு நேரே குட்டைக்குள் இறங்கி நிற்கும். எந்த அதட்டலும் எடுபடாது. எனவே விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே பூட்டி, பத்து மணிக்கு அவிழ்த்து, மாலையில் மறுபடி பூட்டுவார்கள். கொசுவுக்குப் பச்சைப் புல்லை நெருப்பில் போட்டுப் புகை மூட்டம் போடுவது மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே வைத்தியம்.

கன்னி நிலத்தை உடைப்பதற்கு நீண்ட வளைபலகை கொண்ட தனிக் கலப்பை உண்டு. முன்னால் ஒரு உருளும் வட்டக் கத்தி வேரை அறுக்கும், கொழு அடியில் சீவும், பலகை புல்வேரோடு வரும் மண்பாளத்தைப் பிளக்காமல் அப்படியே கவிழ்க்கும். ஒரு அடி அகலச் சால் போட்டால் ஒரு ஏக்கர் முடிக்க எட்டேகால் மைல் நடக்க வேண்டும். திரும்பும் தூரம் அதில் சேராது. நல்ல ஜோடியானால் ஒரு நாளில் ஒரு ஏக்கர். கலப்பை மண்ணைப் பிடிக்காமல் மேலே வந்தால் நுனியிலுள்ள கொண்டியில் இழுப்புச் சங்கிலியை ஒரு துளை மேலே மாட்ட வேண்டும். மூக்கைக் குத்திக்கொண்டு போனால் ஒரு துளை கீழே. புதியவர்கள் இதை விட்டுவிட்டுக் கைப்பிடியில் தொங்கினார்கள். அரை நாளில் தோள் போய்விடும், சாலும் கோணும். கொழு முனை மழுங்கினாலும் இதே தொல்லைதான். அதனால் அரத்தைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார்கள்.

ஆழத்தில்தான் பெரிய பிழை நடந்தது. இங்கிலாந்தில் ஆழ உழுவதுதான் நல்ல உழவு. இங்கே முதல் உழவு இரண்டு மூன்று அங்குலம், அதுவும் மே மாதத்திலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள். மேலோட்டமாகக் கவிழ்த்த புல் கோடை மழை ஈரத்தில் மக்கும். ஆகஸ்ட் கடைசியில் அதே திசையில் இன்னொரு இரண்டு அங்குலம் சேர்த்துத் திருப்பி உழுதால் மக்கிய பாளத்தின் மேல் புதுமண் வந்து விதைப்படுகை தயார். முதலிலேயே ஆறு அங்குலம் உழுதவருக்குப் பாளம் செங்கல்போல் காய்ந்தது. ஜூலைக்குப் பிறகு உடைத்தால் ஈரம் போதாது, புல் சாகாமல் அடுத்த வசந்தத்தில் மறுபடி தளிர்த்தது. முதல் வருடமே ஏதாவது எடுக்க நினைத்தவர்கள் உடைத்த நிலத்தில் ஆளி விதைத்தார்கள். அல்லது மூன்றாவது சாலுக்கு ஒரு முறை உருளைக்கிழங்கைச் சாலில் போட்டு அடுத்த பாளத்தால் மூடினார்கள். விளைச்சல் சுமார்தான். ஆனாலும் குளிர்காலச் சாப்பாடு அது.

வீட்டுக்கு வருவோம். 16க்கு 20 அடி உள்ளளவு, இரண்டடி தடிச் சுவர், ஏழடி உயரம் என்று ஒரு புல்பாள வீடு வைத்துக்கொண்டால், ஒரு அடி அகலம், இரண்டடி நீளம், நாலு அங்குலத் தடிமனில் சுமார் 1,700 பாளம் வேண்டும். ஈரப்பாளம் ஒன்று இருபது கிலோவுக்கு மேல். கூரைக்கு உள்ளது வேறு. வீட்டு வேலைக்கு மட்டும் கலப்பையைக் கொஞ்சம் ஆழமாக வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் சால் ஓட்டிக் கூர் மண்வெட்டியால் துண்டு போட வேண்டும். மேட்டுப் புல்லின் பாளம் உதிரும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தின் ஓரத்தில் வேர் பின்னிக் கிடக்கும் பாளம்தான் தாங்கும். அன்றன்றைக்கு அடுக்கக்கூடியதை மட்டுமே அறுக்க வேண்டும். ஒரு வெயில் பட்டால் ஓரம் நொறுங்கும்.

புல் பக்கம் கீழே வரும்படி இரண்டிரண்டாக நீளவாக்கில் வைத்து, மூட்டின் மேல் மூட்டு வராமல் அடுக்குவார்கள். மூன்று வரிசைக்கு ஒரு வரிசை குறுக்கே. அது இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். இடைவெளியில் பொடிமண் திணிப்பார்கள். மூலைக்கு மூலை தூக்குக்குண்டு பிடித்து, வெளிப்பிசிறைக் கூர் மண்வெட்டியால் சீவுவார்கள். நிலையும் ஜன்னல் சட்டமும் சுவரோடு சேர்ந்தே எழும்பும். பாளத்தில் அடித்த மரமுளைகள் சட்டத்தைப் பிடித்திருக்கும். சட்டத்துக்கு மேல் நாலைந்து அங்குலம் இடைவெளி விட்டு, அதில் பழந்துணியோ வைக்கோலோ அடைத்து, அதற்கும் மேலேதான் விட்டம். இந்த இடைவெளியை விடாதவர் வீட்டில் சுவர் படியப் படியக் கண்ணாடி உடைந்தது, கதவு இறுகித் திறக்காமல் போனது. சுவர் படிந்து நிலைக்க ஒரு வருடமாவது ஆகும்.

கூரைதான் இந்த வீட்டின் பலவீனம். மோட்டுவளைக்கு நடுவில் ஒரு தூண், இரண்டு பக்கமும் பாப்லர் வாரைகள் நெருக்கமாக, அதன்மேல் வில்லோ மிலாறு, காய்ந்த புல், கடைசியில் பாளம். சரிவு அதிகமானால் பாளம் வழுக்கும். தட்டையானால் தண்ணீர் நிற்கும். மழையில் ஊறிய கூரை ஆறேழு டன் கனக்கும். மோட்டுவளைக்குப் பச்சைப் பாப்லரைப் போட்டு நடுத்தூண் வைக்காதவர் வீட்டில் கூரை தொய்ந்து ஒரு நாள் உள்ளே இறங்கும். சரியாகக் கட்டினாலும் ஒழுகும். வெளியே மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் உள்ளே சேற்றுத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய துணியை உட்கூரையாக இழுத்துக் கட்டியது மண்ணும் பூச்சியும் சாப்பாட்டில் விழாமல் இருக்கத்தான். அடுப்புக் குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் அகலமான தகரத் தகடு வைக்காவிட்டால் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும்.

இத்தனை குறை இருந்தும் குளிருக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. வெளியே மைனஸ் 40. உள்ளே ஒரு சிறு அடுப்பு போதும். அவசரத்தில் பலகையும் தார்க் காகிதமும் வாங்கி 12க்கு 16 அடிக் கொட்டகை அடித்தவர்கள் இரவெல்லாம் விறகு போட்டார்கள். உள்சுவரில் ஒவ்வொரு ஆணித் தலையிலும் வெள்ளைப் பொட்டாக உறைபனி நிற்கும். அடுப்பு சூடேறினால் உருகி வழிந்து, அணைந்ததும் மறுபடி உறையும். அவர்களே அடுத்த இலையுதிர்காலத்தில் பலகைக்கு வெளியே பாளத்தை அண்டக் கொடுத்தார்கள். அது சூட்டைக் காத்தது, ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் அடிமரம் உளுத்தது.

மரக்கட்டை வீடு அடுத்த படி. 1904இல் எழுந்த செயின்ட் ஜான்ஸ் மின்ஸ்டர் தேவாலயத்துக்கு வடக்கு சஸ்கச்சுவான் ஆற்றங்கரையிலிருந்து மரம் இழுத்து வந்தார்கள். குளிரில் வெட்டி, பனிமேல் சறுக்குவண்டியில் கொண்டுவருவதுதான் முறை. கோடையில் அதே பாரத்துக்கு இரண்டு மடங்கு மாடு வேண்டும். பட்டையை உரித்துவிட வேண்டும், இல்லையென்றால் பூச்சி இறங்கும். அடிக்கட்டை மண்ணில் படாமல் கல்மேல் உட்கார வேண்டும். பாப்லர் மண்ணைத் தொட்டால் சீக்கிரம் மக்கும். கட்டைகளுக்கு இடையே பிளந்த மரச்சில் அடித்து, களிமண், நறுக்கிய வைக்கோல், மணல், சாணம் நான்கையும் காலால் மிதித்துக் குழைத்துப் பூசுவார்கள். நம் ஊர் மண்சுவர்க்காரர் பார்த்தால் பதம் சரியா என்று சொல்லிவிடுவார். முதல் பூச்சு கட்டாயம் வெடிக்கும். கட்டை சுருங்கிய பிறகு அடுத்த இலையுதிர்காலத்தில் இரண்டாம் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு.

கப்பலில் வந்த தச்சர்கள்தான் பிறகு வட்டாரத்துக்கே வீடு கட்டிகள் ஆனார்கள். ஆனால் கற்றதில் பாதியை அவர்கள் மறக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஒன்றரை அடி அஸ்திவாரம் போதும். இங்கே உறைபனி ஆறடிக்கும் கீழே இறங்கி, மேலோட்டமான கல்தூணைத் தூக்கிவிடும். வசந்தத்தில் வீடு ஒரு பக்கம் சாயும். எனவே வீட்டுக்கடியில் ஆறேழு அடி நிலவறை தோண்டி அதன்மேல் கட்டினார்கள். மேலே எரியும் அடுப்பின் சூட்டில் உருளைக்கிழங்கும் உறையாது, சுவரடியும் அசையாது. நுணுக்கமான மூட்டு வேலைக்கு நேரம் இல்லை. இரண்டுக்கு நாலு அங்குலக் கட்டைகளைப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, ஆணியடித்து, பலகை, தார்க் காகிதம், மறுபடி பலகை. நடுவில் மரத்தூள் நிரப்பினால் அது நாளடைவில் படிந்து மேலே ஒரு அடி வெற்றிடம் விழும். ஜன்னலுக்கு மேல் குளிர் அடிப்பது அதனால்தான். நிரப்பிய இரண்டாம் வருடம் மேலே திறந்து மறுபடி திணிக்க வழி விட்டுக் கட்டியவர்தான் தொழில் தெரிந்தவர். கூலி பெரும்பாலும் ரொக்கமாக வராது. ஒரு நாள் தச்சு வேலைக்கு ஒரு நாள் ஜோடி உழவு என்று ஈடு செய்துகொண்டார்கள். விதைப்புக்கும் புல் அறுப்புக்கும் இடைப்பட்ட ஜூன், ஜூலைதான் கட்டட மாதம்.

கிணறு நான்கடிச் சதுரம், பலகை உறை. இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை விட வேண்டும். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. தொழுவத்தின் வாசல் தெற்கே பார்க்க வேண்டும். பனிப்புயலுக்கு வீட்டிலிருந்து தொழுவத்துக்கு ஒரு கயிறு. 1906–07 குளிர்காலத்தில் மேற்குக் கனடா எங்கும் மாடுகள் மடிந்தபோது போதிய வைக்கோல் சேர்த்திருந்தவர் பிழைத்தார்.

புல்வெளித் தீக்குக் காவல் உழவு. வீட்டைச் சுற்றி நாலைந்து சால், இருபது முப்பதடி தள்ளி இன்னும் நாலைந்து சால். நடுப்புல்லை காற்றில்லாத மாலையில் ஈரக் கோணியோடு ஆள் நிறுத்தி எரித்துவிட வேண்டும். ஒற்றைச் சாலை நம்பினால் காற்றடிக்கும் நாளில் தீ தாண்டும்.

கோதுமையில் எதிரி உறைபனி. அங்கே உறைபனி இல்லாத காலம் சுமார் நூறு நாள்தான்; அப்போதைய ‘ரெட் ஃபைஃப்’ ரகம் அதைத் தாண்டியே முற்றும். ஆகஸ்ட் கடைசியில் ஒரு இரவு போதும், மணி சுருங்கித் தரம் கீழே போகும். தாழ்ந்த பள்ளத்தில் குளிர்காற்று தேங்குவதால் மேட்டுச் சரிவில் கோதுமை, பள்ளத்தில் ஓட்ஸ் என்று பிரித்தவர் நஷ்டம் குறைத்தார். ஒட்டாவா மத்தியப் பண்ணையில் சார்லஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்த ‘மார்க்விஸ்’ ரகம் 1909 வாக்கில் விவசாயிகள் கைக்கு வந்தது. ஒரு வாரம் முன்னதாக முற்றும் அது, ரெட் ஃபைஃபும் ‘ஹார்டு ரெட் கல்கத்தா’ என்ற இந்தியக் கோதுமையும் சேர்ந்து பிறந்தது. கரிப்பூட்டை என்ற பூஞ்சை நோய்க்கு அன்றைய விதை நேர்த்தி: ஒரு பைண்ட் ஃபார்மலினை 40 காலன் தண்ணீரில் கலந்து, விதைமேல் தெளித்துப் புரட்டி, சாக்கால் இரண்டு மணி நேரம் மூடி, பரப்பி உலர்த்துவது. மூடிய விதையை மறந்து ராத்திரி முழுக்க விட்டால் முளைப்பு போய்விடும். ஏக்கருக்கு ஒன்றரை புஷல் விதை. ஒரு புஷல் 27 கிலோ.

1905இல் கனடியன் நார்தர்ன் ரயில்பாதை லாய்ட்மின்ஸ்டரைத் தொட்டது. அதுவரை கோதுமை விளைந்தும் விற்க வழியில்லை. அதே வருடம் செப்டம்பர் 1 அன்று ஆல்பர்ட்டா, சஸ்கச்சுவான் மாகாணங்கள் பிறந்தபோது எல்லைக்கோடு ஊரின் நடுத்தெருவிலேயே விழுந்தது. 1930 வரை இரண்டு நகராட்சியாக ஓடியது ஒரே ஊர்.

மூன்று வருடம் முடிந்து பட்டாவுக்கு விண்ணப்பிக்கையில், பக்கத்து நிலத்துக்காரர் இருவர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும்: எத்தனை மாதம் குடியிருந்தார், எத்தனை ஏக்கர் உடைத்தார், வீட்டின் அளவு என்ன, கால்நடை எத்தனை. குளிர்காலத்தில் கூலிக்குப் போனவர்கள் வசித்த மாதக் கணக்கைத் தேதியோடு குறித்து வைக்காததால் இழுத்தடிக்கப்பட்டார்கள். பட்டா கைக்கு வந்ததும் பலர் செய்த முதல் காரியம் அதை அடமானம் வைத்துப் பலகை வீடும் கதிர் அறுத்துக் கட்டும் இயந்திரமும் வாங்கியது. உடைத்த நிலம் ஐம்பது ஏக்கரைத் தாண்டியவருக்கு இயந்திரம் கட்டுப்படியானது; இருபது ஏக்கரோடு வாங்கியவருக்கு ஒரு உறைபனியிலேயே வட்டி கட்ட முடியாமல் போனது.